வலி வராத தவக்காலம்

என் மாமியார் பிலோமினாள் ஒவ்வொரு தவக்காலத்துக்கும் காப்பியை விட்டுவிடுவார். ஒறுத்தல் அவருடையது, கஷ்டம் எங்களுடையது. காலையில் காப்பி இறங்காத அத்தையோடு ஈஸ்டர் வரைக்கும் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். என் கணவர் மெர்வின் ஆட்டுக்கறியை விடுவார். மேலூர் தாலுகா ஆபீசில் கிளார்க் அவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற பிரியாணிக் கடையைத் தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பதாகச் சொல்வார். தவக்காலத்தில் ஒருவரைச் சந்தேகப்படுவது பாவம் என்பதால் நாங்களும் நம்பி வைப்போம்.

இந்த வருடம் நான் மாத்திரையை விட்டேன்.

எனக்கு முடக்குவாதம். ஆறு வருடமாகக் கூடவே இருக்கிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சட்டைப் பொத்தான் போட மெர்வினைக் கூப்பிட வேண்டும். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சருக்கு இது என்ன மாதிரி வேடிக்கை என்று யோசியுங்கள். நோய்த்தடைக்காப்புப் பாடத்தை வருடா வருடம் நான்தான் நடத்துகிறேன். உடம்பைக் காக்க வேண்டிய செல்களே உடம்பைத் தாக்கினால் அது சுயதடைகாப்பு நோய் என்று போர்டில் எழுதுவேன். எழுதும்போதே என் செல்கள் என் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். வேலியே பயிரை மேய்வதைப் பார்க்க வேறு எங்கும் போக வேண்டாம், என் கையைப் பார்த்தால் போதும் என்று பிள்ளைகளிடமே சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய மாத்திரை என் கல்லீரலோடு ஒத்துப்போகவில்லை. தீபாவளி சமயத்தில் டாக்டர் அதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு வெறும் வலி மாத்திரைதான். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் அவரைப் பார்க்கப் போனபோது புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். மெர்வினுக்கு லீவு கிடைக்காததால் அத்தைதான் துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்திருந்தார்.

"உங்க செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சத்தம் போட்டுப் பேசிக்கிட்டே இருக்கு டீச்சர்" என்றார் டாக்டர். "இங்க எதிரி இருக்கான், வாங்க, அடிங்கன்னு ஒரு செல்லு கத்தும். இன்னொண்ணு அதைக் கேட்டுட்டு இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடும். எதிரியே கிடையாது. ஆனா கூச்சல் மட்டும் நிக்காது. சில ஊசி மருந்து கத்துறவன் வாயைப் பொத்தும். இந்த மாத்திரை கேக்குறவன் காதைப் பொத்தும். செல்லுக்கு வெளிய வந்த சேதி உள்ள போய்ச் சேராது."

எனக்கு வலியே மறந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"அப்ப நிஜமாவே எதிரி வந்தா டாக்டர்?"

"அப்பவும் காது கேக்காது. அதுக்காகத்தான் டிபி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் முன்னாடியே எடுத்தோம். அப்புறம் இன்னொண்ணு. கர்ப்பமா இருக்கறவங்க இதைச் சாப்பிடவே கூடாது. உங்களுக்கு வாய்ப்பு ஏதும்..."

"இல்ல."

கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

"அது இந்த வியாதி வந்ததுல இருந்து அதோட இஷ்டத்துக்குத்தான் வரும், போகும்."

"அப்ப முதல் மாத்திரைக்கு முன்னாடி வீட்டுலயே கார்டு டெஸ்ட் ஒண்ணு பாத்துருங்க. பாக்காம ஆரம்பிக்காதீங்க" என்றார். தலையாட்டினேன். கால் வலித்ததால் நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, அத்தைதான் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மருந்துக்கடையில் நின்று மாத்திரை வாங்கி வந்தார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தத் திருவிழா அசனத்தில் உட்கார்ந்தாலும், இலை போடுவதற்குள் யாராவது ஒரு அம்மாள் என் வயிற்றைப் பார்த்தபடி "ஏதும் விசேஷமா?" என்று கேட்டுவிடுவார். சாம்பார் வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். அஞ்சு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அத்தையும் அதையே கேட்க, நான் வெடித்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் நான் இங்கே இருக்க மாட்டேன் என்று கத்தினேன். அத்தை எழுந்து அடுக்களைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு வார்த்தைகூட அடக்கத் தெரியாத மனுஷி, அந்த ஒன்றை மட்டும் அடக்கிக்கொண்டார்.

கார்டு டெஸ்ட்டும் எனக்குப் புதிதில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் எல்லாக் கடையிலும் தெரிந்த முகம் என்று திருப்பரங்குன்றம் வரை பஸ் ஏறிப் போய் வாங்கிய காலம் உண்டு. எல்லாவற்றிலும் ஒற்றைக் கோடுதான். கடைசியாக ஒன்றைக் குப்பையில் போட்டபோது, இனி இந்தக் கோட்டைப் பார்க்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியதும் அத்தை வீட்டுப் பீடத்து மாதா சுரூபத்தை ஊதாத் துணியால் மூடத் தொடங்கினார். கோயிலில் இன்னும் சில வாரம் கழித்துத்தான் மூடுவார்கள். அத்தைக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஈஸ்டருக்குப் பாஸ்கா பூசை முடிந்த பிறகுதான் அந்தத் துணி அவிழும். அதற்குள் யாரும் தொடக் கூடாது. கீழே நாடாவை முடிச்சுப் போட நான் குனிந்தேன். விரல் ஒத்துழைக்கவில்லை. நாடா நழுவி நழுவி விழுந்தது.

"விடும்மா, உன்னால முடியாது. நான் பாத்துக்குறேன்" என்றார் அத்தை.

அந்த "முடியாது" எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. அவரவர் ஒறுத்தலைச் சொல்லும் நேரம் வந்தது. அத்தை காப்பி, மெர்வின் கறி. நான் சொன்னேன்: "நான் மாத்திரைய விடுறேன். புதுசு, வலி மாத்திரை, எல்லாம். வலிய ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கப் போறேன்."

"லூசா நீ? பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குறவ பேசுற பேச்சா இது? அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் மெர்வின்.

நானும் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அவ இஷ்டம்டா. ஈஸ்டருக்கு அப்புறம் போட்டுக்கிடட்டும்" என்றார். ஊருக்கே மாத்திரை சொல்கிறவர், எனக்கு மட்டும் சொல்லவில்லை.

பக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி வீம்பு, பாதி பயம். மாத்திரையைத் தள்ளிப்போட்டால் கார்டையும் தள்ளிப்போடலாம் அல்லவா?

முதல் இரண்டு வாரம் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொடுத்தேன். அதோடு சாப்பாடும் இறங்கவில்லை, பூண்டு வாசனை வந்தால் குமட்டியது. உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. மருந்தை விட்டால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று நானே எனக்கு டாக்டராகிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, சட்டைப் பொத்தானை நானே போட்டிருந்தேன். போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. விரலை மடக்கினேன். மடங்கியது. நீட்டினேன். நீண்டது. எங்கே போய்விடும், மத்தியானம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வாரக் கடைசியில் தெப்பக்குளத்தை ஒரு சுற்று முழுசாக நடந்தேன். முந்தின வருடமெல்லாம் கிழக்குப் படித்துறையிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் நடப்பதை எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குக் கோபம்தான் வந்தது. வலியைத் தருகிறேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுக்கக் கையில் வலி இல்லை. காலையில் எழுந்து தேடுவேன். இடது சுண்டுவிரலில் கொஞ்சம் இருப்பது போலத் தெரியும். பல் தேய்ப்பதற்குள் அதுவும் போய்விடும். இப்படி ஒரு தவக்காலத்தை யாராவது அனுபவித்திருக்கிறார்களா தெரியவில்லை.

கோபம் அடங்கியதும் ஆச்சரியம் வந்தது. மருந்து எடுத்தபோது வலித்த உடம்பு, மருந்தை விட்டதும் ஏன் வலிக்கவில்லை? காரணம் இல்லாமல் கூச்சல் அடங்காது. செல்லுக்குச் செல் கத்திக்கொண்டிருந்ததை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். யார்?

சொந்தம் கொண்டாட ஆளா இல்லை? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஆளுக்கொரு காக்கையைக் கொண்டுவந்தார்கள். தான் வாங்கித் தந்த ரப்பர் பந்தை அழுத்தியதால்தான் என்றார் மெர்வின். அந்தப் பந்து பீரோவுக்கு அடியில் உருண்டு போய் மாதக் கணக்காகிறது. எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் அலர்மேல்மங்கை, தன் வீட்டு முள்முருங்கை வடைதான் காரணம் என்றார். அவர்கள் சௌராஷ்டிரக்காரர்கள், சாயங்காலமானால் அந்தக் கீரையை அரைத்து மாவில் கலந்து பச்சைப் பசேலென்று வடை தட்டுவார்கள். "பொம்பளைங்களுக்கு அம்புட்டு நல்லது டீச்சர் அது" என்றார். மெர்வினுக்காக வீட்டில் கறி சமைக்காததுதான் காரணமோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்து, சோதனைக்காக என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு நாள் மட்டன் சூப் குடித்தேன். வலி வரவில்லை. பாவம்தான் மிச்சம்.

அப்போதுதான் மாத்திரை டப்பாவைத் தேடினேன். ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்த ஞாபகம். அங்கே இல்லை. பீரோவிலும் இல்லை. அடுக்களை அலமாரியில் கை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்தார்; நான் சீரகம் தேடுவது போல நின்றேன். அடுப்பில் ராத்திரிக் கஞ்சி இரண்டு சட்டியில் கொதித்தது.

"எதுக்கு அத்தை ரெண்டு?"

"அது எங்களுக்கு. இது உனக்கு. உன் கஞ்சி தனி" என்றார்.

எனக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்தது. டப்பாவைக் காணவில்லை. எனக்கு மட்டும் தனிக் கஞ்சி. "மாத்திரையைப் போடு" என்று ஒருநாளும் சொல்லாத அத்தை. ஏன் சொல்லவேண்டும்? அதுதான் கஞ்சியில் பொடித்துப் போட்டாகிறதே! என் ஒறுத்தலையும் கெடுக்காமல், என் வலியையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இந்த மனுஷி செய்கிற வேலை இது. கோபத்தைவிட மேலாக, கண்டுபிடித்துவிட்ட பெருமைதான் எனக்கு வந்தது.

கேட்டால் மழுப்பிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அந்த மாத்திரையின் வேலை உடம்பில் அதிக நேரம் நிற்காது என்று படித்திருந்தேன். நிறுத்தினால் சில நாளிலேயே வலி திரும்பிவிட வேண்டும். "இந்த வாரம் ராத்திரி ஒருசந்தி அத்தை, ஒரு வேளைதான் சாப்பாடு. எனக்குக் கஞ்சி வேண்டாம்" என்று அறிவித்துவிட்டேன். அத்தை முகம் வாடிப்போனது. மாட்டிக்கொண்ட முகம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பள்ளி விட்டதும் காமராசர் சாலையில் அலர்மேல் வீட்டுக்குப் போய் வடையில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்து விரதக்காரியாகப் படுத்தேன்.

ஒரு வாரம் போனது. வலி வரவில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருந்தில்லை, கஞ்சியில்லை, கறியும் ஒரு பொருட்டில்லை. பிறகு எது? குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அலர்மேல் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் எண்ணெயிலிருந்து வடையைத் திருப்பியபடியே, "டீச்சர், உங்க பாடத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு கணக்கு இடிக்குது" என்றார்.

"என்ன?"

"எங்க வெங்கடேஷ்பாபு அண்ணனுக்கு அண்ணிதான் கிட்னி குடுத்தாங்கல்ல. எத்தனை வருசமா ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனா அண்ணன் உடம்பு இன்னும் அதை வெளியாளுன்னுதான் பாக்குது. மாத்திரை தப்புனா சண்டைக்குப் போயிரும். சரி, அது புரியுது. ஆனா அதே அண்ணன் பாதி, அண்ணி பாதின்னு இருக்குற பிள்ளைய அண்ணி ரெண்டு தடவ பத்து மாசம் வயித்துல வெச்சிருந்தாங்க. அவங்க உடம்பு ஏன் சண்டைக்குப் போகல? அங்க யாரு மாத்திரை குடுத்தது?"

எனக்குப் பிடித்த கேள்வி. கையில் வடையோடு பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"யாரும் குடுக்க வேண்டாம். உள்ள இருக்குறதே சேதி அனுப்பும். நஞ்சுக்கொடில இருந்து, நான் எதிரி இல்ல, சும்மா இருன்னு தாயோட செல்லுங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அடக்கி வைக்கிற செல்லுன்னு ஒரு கூட்டம் இருக்கு, அது பெருகும். கத்துறதைக் குறைக்கும். அதுவும் வயித்துப் பக்கம் மட்டும் இல்ல. அந்த அமைதி உடம்பு பூராவும்..."

நின்றுவிட்டேன்.

"பூராவும்னா?" என்றார் அலர்மேல்.

"பூராவும்னா பூராவும்தான். மூட்டு வரைக்கும்."

அலர்மேல் என் கையைப் பார்த்தார். சுடச்சுட வடையை மூன்று விரலால் பிடித்திருந்த கை. கணக்கு டீச்சர் அல்லவா, கூட்டிப் பார்க்க அவருக்கு ஒரு நொடி போதும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர்" என்றேன். "சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்தை பேசாதீங்க. நான் வாரேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் தேடித் தேடிப் படித்தேன். என் வியாதி உள்ள பலருக்குக் கர்ப்பகாலத்தில் வலி குறையும் என்று போட்டிருந்தது. எல்லோருக்கும் இல்லை, பலருக்கு. பிள்ளை பிறந்ததும் அந்தச் சேதி நின்றுவிடும், வலி பெரும்பாலும் திரும்பி வரும் என்றும் போட்டிருந்தது. குமட்டல், பூண்டு வாசனை, அடித்துப் போட்ட உடம்பு. எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பதினைந்து வருடமாகப் பாடம் எடுக்கிறவள் நான்! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, ஆசையாக இருந்தது. ஆசைப்படவே பயமாகவும் இருந்தது. தெப்பக்குளம் நிறுத்தத்தில் இறங்கி, தெரிந்த கடையிலேயே, தெரிந்த பையனிடமே கார்டு வாங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் மெர்வின் வாயில் பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது நான் கதவைத் திறந்தேன். கார்டை நீட்டினேன். இரண்டு கோடு. அவர் பிரஷ்ஷை எடுக்காமலே ஏதோ சொன்னார். நுரை சட்டையெல்லாம் வழிந்தது. அவர் அழுகிறார் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொஞ்ச நேரம் உலகத்திலேயே நான்தான் பாக்கியசாலி. பிறகு ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது.

கஞ்சி.

கஞ்சியை நிறுத்தியும் வலி வரவில்லை. ஆகவே வலி போனதற்குக் கஞ்சி காரணம் இல்லை. நான் நிரூபித்தது அவ்வளவுதான். கஞ்சியில் ஒன்றும் இல்லை என்று நான் நிரூபிக்கவே இல்லையே! டப்பாவைக் காணவில்லை. தனிச் சட்டி. அத்தனை வாரம், ராத்திரிக்கு ராத்திரி, கிண்ணத்தை வழித்துக் குடித்திருக்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் சாப்பிடவே கூடாது என்று டாக்டர் சொன்ன மாத்திரை அது. யாருடைய காதைப் பொத்தியிருக்கிறேன் நான்?

அத்தை ஹாலில் தரையில் உட்கார்ந்து குருத்தோலை பின்னிக்கொண்டிருந்தார். மறுநாள் பவனிக்குத் தெருவுக்கே அவர்தான் சிலுவை பின்னித் தருவார். நான் போய் எதிரே நின்றேன்.

"அத்தை, அந்த மாத்திர டப்பா எங்க?"

ஓலையை மடக்கிக்கொண்டிருந்த விரல் நின்றது. "எதுக்கும்மா? இன்னும் ஈஸ்டர் வரலையே."

"எங்கன்னு மட்டும் சொல்லுங்க. கஞ்சியில கலந்தீங்களா?"

"கஞ்சியிலயா?"

"எனக்கு மட்டும் தனியாக் காச்சுனீங்கல்ல! அதுல பொடிச்சுப் போட்டீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க அத்தை, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற மெர்வினைப் பார்த்தார். தரையில் கையூன்றி எழுந்தார். நேராகப் பீடத்துக்குப் போய், குனிந்து, ஊதாத் துணியின் நாடாவைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, பாஸ்கா முடியுறதுக்கு முன்னாடியா?" என்றார் மெர்வின்.

"சும்மா இருடா."

துணி சரிந்தது. மாதாவின் காலடியில் அந்த டப்பா இருந்தது. மேலே அத்தையின் செபமாலை. நான் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மருந்துக்கடையில் கொடுத்தபடியே, இரண்டு பக்கத்து ஒட்டும் பிரியாமல் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மருந்துக்கடைக்காரர்தான் சொன்னாரு" என்றார் அத்தை. மாதாவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. "வயித்துல பிள்ளை இருந்தா இதைத் தொடவே கூடாதும்மான்னு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. உன்கிட்டக் கேக்கலாம்னா, அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னுட்ட. அதான் அன்னைக்குத் துணிய மூடுறப்பவே மாதாகிட்டக் குடுத்து வெச்சேன். நீ கேட்டா எடுத்துக் குடுத்துருவேன். கேக்குற வரைக்கும் அவ பாத்துக்கிடட்டும்னு."

"அப்ப அந்தத் தனிக் கஞ்சி?"

"பூண்டு போட்டா நீ மூக்கப் பொத்துறியே. அதான் பூண்டு போடாம தனியா வெச்சேன். நீ பூண்டுக்கு மூக்கப் பொத்துன அன்னைக்கே எனக்கு..."

அதற்கு மேல் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கினார். அஞ்சு வருடமாக விழுங்கிப் பழகிய மனுஷி. சேதி போகவே கூடாதென்று நான் போட்ட அடைப்பு அது. இந்த ஒன்றரை மாதமாக எனக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தும், ஒரு வார்த்தை கேட்க முடியாமல் கஞ்சியைத் தனியாகக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். நானோ அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்தேன்.

டப்பாவை ஓரமாக வைத்தேன்.

"கேளுங்க அத்தை" என்றேன்.

"என்னத்த?"

"அதத்தான். கேளுங்க."

அத்தை மெல்லத் திரும்பினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். எல்லா ஊர் அம்மாள்களும் கேட்ட கேள்விதான். ஆனால் அவர்கள் யாரும் இவ்வளவு பயந்து கேட்டதில்லை.

"ஏதும் விசேஷமா தாயி?"

"ஆமா அத்தை."

அவர் சத்தம் போடவில்லை. என் தலையில் ஒரு தடவை கையை வைத்தார். பிறகு ஏதாவது செய்யாமல் இருக்க முடியாதவர் போல, சரிந்து கிடந்த ஊதாத் துணியை எடுத்து மாதாவை மறுபடி மூடினார். ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே. குனிந்து நாடாவைச் சேர்த்து முடிச்சுப் போடப் பார்த்தார். கை நடுங்கியதில் நாடா நழுவி நழுவி விழுந்தது.

"விடுங்க அத்தை, உங்களால முடியாது" என்று அவர் கையிலிருந்து நாடாவை வாங்கி, நானே இறுக்கி முடிச்சுப் போட்டேன்.